சென்ட்ரல் வந்தாச்சு!

ஊரில் ஒரு தகராறு. அம்மா அழுகிறார். மகன் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அடுத்த காட்சியில் ஒரு சிவப்புக் கட்டடம், நடுவில் மணிக்கூண்டு, வாசலில் வரிசையாக ஆட்டோக்கள். 'சென்னை' என்று திரையில் எழுத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. பையன் மெட்ராஸ் வந்து சேர்ந்துவிட்டான் என்பது தியேட்டரில் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்து இந்த ஒரு ஷாட் எத்தனை இயக்குநர்களுக்கு ஒரு பக்க வசனத்தை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறதோ! சென்ட்ரலைக் காட்டி, எல்.ஐ.சி. கட்டடத்தைக் காட்டி, மெரினாவில் கொண்டுபோய் விட்டால் ஊர் அறிமுகம் முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பையன் மதுரைக்காரன் என்றாலோ, திருநெல்வேலிக்காரன் என்றாலோ, தஞ்சாவூர்க்காரன் என்றாலோ அந்தக் காலத்தில் அவன் சென்ட்ரலில் இறங்கியிருக்கவே முடியாது. எழும்பூரில்தான் இறங்கியிருப்பான். அங்கிருந்து வெளியே வந்து, இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்ட்ரலுக்குப் போய், அதன் வாசலில் நின்று திருதிருவென்று விழித்தால்தான் சினிமாக் கணக்கு சரியாக வரும்.

தூரம் இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் ரயில்வே கணக்கில் அவை இரண்டு வேறு உலகங்கள். சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி கட்டியது. அகல ரயில்பாதை. பம்பாய், கல்கத்தா, டெல்லி, பெங்களூர், கோயம்புத்தூர், மலபார் என்று வடக்கேயும் மேற்கேயும் போகிற வண்டிகள் அங்கே. எழும்பூர், சவுத் இந்தியன் ரயில்வே கம்பெனியின் கோட்டை. மீட்டர் கேஜ் பாதை. விழுப்புரம் தாண்டித் தெற்கே போகிறவர்களுக்கு அதுதான் வாசல். ஒன்றின் வண்டி இன்னொன்றின் தண்டவாளத்தில் ஓடாது. திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்குப் போகிற குடும்பம் எழும்பூரில் இறங்கி, டிரங்குப் பெட்டி, ஹோல்டால், கூஜா சகிதம் வண்டி பிடித்து, சென்ட்ரலுக்கு வந்து மறுபடி மூட்டையை இறக்க வேண்டும். நடுவில் ஒரு பெட்டி தொலைந்த கதை பல வீடுகளில் இன்னமும் பேசப்படும். எழும்பூர் வழியாக ஓடிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் கடைசியாக ஓடி நின்றது 2004-இல்தான்.

ஆக, தமிழ்நாட்டின் பாதிப் பேர் வந்து இறங்காத ஒரு நிலையம், அவர்கள் எல்லோர் மனதிலும் சென்னையின் முகமாகப் பதிந்திருக்கிறது. எப்படி?

அழகை வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் எழும்பூருக்கே முதல் பரிசு கொடுக்க வேண்டும். 1908 ஜூன் 11-இல் திறக்கப்பட்ட கட்டடம். வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை உயர் நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களிலும் கைவைத்தவர். கட்டி முடித்தவர் பெங்களூர் ஒப்பந்ததாரர் டி. சாமிநாதப் பிள்ளை. செலவு 17 லட்ச ரூபாய். நிலம் வாங்கியதிலேயே ஒரு கதை உண்டு. தேவைப்பட்ட இடத்தில் ஒரு பகுதி டாக்டர் பல்னி ஆண்டிக்குச் சொந்தமாக இருந்தது. இங்கிலாந்து போய் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் தலைமுறை இந்தியர். 'இது மாதிரி இன்னொரு இடம் எனக்கு எங்கே கிடைக்கும்?' என்று அவர் முதலில் விற்க மறுத்தார். கம்பெனி பேசிப் பேசிக் கரைத்து, ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஒரு லட்சம்!

எழும்பூரின் பெருமை கட்டடத்தோடு முடியவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, இங்கே கொழும்புக்கே டிக்கெட் வாங்கலாம் என்றானது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். 'போட் மெயில்' என்ற பெயர் அதனால் வந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அந்த வழியும் போயிற்று. இப்போதைய கட்டடம் எழும்புவதற்கு முன்பே, 1897 பிப்ரவரியில், சிகாகோவில் பேசிவிட்டுத் திரும்பிய விவேகானந்தர் வந்து இறங்கியதும் அன்றைய எழும்பூர் நிலையத்தில்தான். பெருங்கூட்டம் அவரை ஐஸ்ஹவுஸ் வரை ஊர்வலமாக அழைத்துப்போனது.

இத்தனை இருந்தும் சினிமாக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனது சென்ட்ரலுக்குத்தான்.

வயதில் மூத்தது என்ற காரணமும் செல்லாது. அந்தப் பெருமை ராயபுரத்துக்கு. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வைத்த நிலையக் கட்டடம் இன்னமும் நிற்கிறது. மும்பை, தாணேயின் முதல் நிலையங்கள் இல்லாமல் போய்விட்டதால், இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் அதுதான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ராயபுரத்தில் நெரிசல் தாங்காமல் போகவே, பார்க் டவுனில் புது நிலையம் கட்டினார்கள். 1873-இல் அது திறக்கப்பட்டது.

அந்த இடம் முன்பு பெரேராவின் தோட்டம். ஜான் பெரேரா என்ற போர்ச்சுகீசிய வணிகர், நாகப்பட்டினத்திலிருந்து 1660 வாக்கில் மெட்ராஸுக்குக் குடிவந்தவர், ஓய்வெடுக்க வைத்திருந்த தோட்டமும் வீடும். கவனிப்பாரில்லாமல் போன பிறகு அங்கே சூதாட்டமும் சேவல் சண்டையும் சக்கைப்போடு போட்டன. பிற்காலத்தில் தத்கல் டிக்கெட் கிடைக்குமா, ஆர்.ஏ.சி. கன்ஃபர்ம் ஆகுமா என்று லட்சக்கணக்கானவர்கள் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்கப்போகிற இடம் என்று மண்ணுக்கே தெரிந்திருக்கிறது!

ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த முதல் கட்டடத்தில் நான்கே நடைமேடைகள். இன்று நாம் பார்க்கும் தோற்றம் பிறகு வந்தது. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டிய ராபர்ட் சிஷோம், நடுவில் மணிக்கூண்டையும், முக்கியக் கோபுரங்களின் தலையில் திருவிதாங்கூர்ப் பாணிக் கூரைகளையும் சேர்த்தார். திருவனந்தபுரத்தில் நேப்பியர் மியூசியத்தைக் கட்டியவரும் அவர்தான். கேரளத்துக் கூரை இங்கே வந்து உட்கார்ந்த ரகசியம் அது. வேலை முழுசாக முடிய 1900 ஆகிவிட்டது. மணிக்கூண்டின் உயரம் 136 அடி. நான்கு பக்கமும் கடிகாரம். கால் மணிக்கு ஒரு முறை ஒலிக்கும். எதிரும் புதிருமாக ஹார்ன் அடிக்கும் இன்றைய போக்குவரத்தில் அதைக் கேட்க விடியற்காலை நான்கு மணிக்குப் போனால்தான் உண்டு.

அந்தக் கடிகாரத்துக்குக் கீழே நின்று சுற்றிலும் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைக்கும்.

எதிரே சாலையைக் கடந்தால் ஜி.எச். என்கிற அரசு பொது மருத்துவமனை. இப்போது ராஜீவ் காந்தி பெயரில் இருக்கிறது. நெல்லூரிலிருந்தும் சித்தூரிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. மேற்கே விக்டோரியா பப்ளிக் ஹால், அதையடுத்து மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை. கிழக்கே தெற்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம். 1922-இல் திறந்த அந்தக் கருங்கல் மாளிகையைக் கட்டியவரும் எழும்பூர் கட்டிய அதே சாமிநாதப் பிள்ளைதான். வால்டாக்ஸ் ரோட்டுப் பக்கம் திரும்பினால் லாட்ஜுகள், மெஸ்கள், மொத்த வியாபாரக் கிடங்குகள், மூட்டை தூக்க ஆள் தேடும் கடைகள். கொஞ்சம் நடந்தால் சௌகார்பேட்டை. கையில் பணமில்லாமல் வந்து இறங்குகிறவனுக்கு வேலை, சோறு, படுக்க ஒரு திண்ணை, உடம்புக்கு வந்தால் ஓசியில் வைத்தியம் எல்லாம் நடக்கிற தூரத்தில். 'கெட்டும் பட்டணம் சேர்' என்று சொல்லி வைத்தவர்கள், பட்டணத்தில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. ரயில்தான் முகவரி எழுதிக் கொடுத்தது.

பக்கத்திலேயே மூர் மார்க்கெட்டும் இருந்தது. 1900-இல் திறந்த செங்கல் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், கழற்றிய ரேடியோ, கண்ணாடிக் குப்பி என்று அங்கே கிடைக்காததைப் பட்டியல் போடுவது சுலபம். படிக்க வசதியில்லாத எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் கொடுத்த இடம். 1985 மே 30 அன்று தீப்பிடித்து எரிந்தது. கடைகள் அல்லிக்குளம் பக்கம் போயின. அந்த இடத்தில் ரயில்வே தன் புறநகர் முனையத்தைக் கட்டிக்கொண்டது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடிக்க ஓடுகிறவர்கள் அதை 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் பழைய கட்டடத்தின் பொம்மை மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள்.

சென்ட்ரலில் வந்து இறங்கியவர்களில் ஒரு ஜோடியைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

1915 ஏப்ரல் 17. தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடு திரும்பி மூன்று மாதமே ஆன காந்தியும் கஸ்தூரிபாவும் வடக்கேயிருந்து வருகிறார்கள். நடைமேடையில் பெருங்கூட்டம். வண்டி நின்றதும் எல்லோரும் முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் ஓடினார்கள். அங்கே ஆள் இல்லை. ரயில்வே ஊழியர் ஒருவர் சொன்ன பிறகுதான் வால் பக்கம் ஓடினார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியில், பயணக் களைப்போடு, கசங்கிய உடையில் இருந்தார் அவர். வெளியே வந்ததும் மாணவர்கள் வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். ஜி.ஏ. நடேசன் விருந்தினராகத் தங்க வைத்தார்.

அன்று மூன்றாம் வகுப்பிலிருந்து இறங்கிய அந்த இருவரின் பெயரும் இன்று அடையாறில் அடுத்தடுத்து இருக்கின்றன. காந்தி நகர், கஸ்தூரிபா நகர்.

அடையாறுக்கும் சென்ட்ரலுக்கும் உறவு கொஞ்சம் விசித்திரமானது. ஆற்றுக்குத் தெற்கே, மரமும் நிழலுமாக இருக்கும் இந்தப் பகுதிக்கு ரொம்ப காலம் ரயிலே கிடையாது. மயிலாப்பூருக்கும் அப்படித்தான். தி.நகர்க்காரர்களுக்காவது மாம்பலம் இருந்தது. அடையாறுக்காரர்கள் சென்ட்ரலுக்குப் போவதே ஒரு பயணம். ராத்திரி ஒன்பது மணி வண்டிக்கு ஆறு மணிக்கே வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிற அப்பாக்கள் இங்கே பிரசித்தம். 'டிராஃபிக் எப்படி இருக்குமோ!' என்பது அவர்களின் நிரந்தர மந்திரம். அவர்கள் சொன்னதும் முக்கால்வாசி நாள் சரியாகத்தான் இருந்தது.

2004 ஜனவரி 26 அன்று பறக்கும் ரயில் மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூருக்கு நீண்டது. கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் என்று நிலையங்கள் வந்தன. கஸ்தூரிபா நகரில் ஏறி பார்க் டவுனில் இறங்கினால் சென்ட்ரல் எதிரே. ரயிலின் ஜன்னல் வழியே கீழே தெரிகிற கறுப்புத் தண்ணீரும் அதே வழியில்தான் போகிறது. அது பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் ஆந்திரத்திலிருந்து விறகும் நெல்லும் உப்பும் படகில் வந்த பாதை. அடையாறில் பறக்கும் ரயிலுக்குத் தரையாக இருக்கும் அந்தக் கால்வாய், சென்ட்ரலில் பிரதான நிலையத்துக்கும் புறநகர் முனையத்துக்கும் நடுவே ஓடுகிறது. 'ஓடுகிறது' என்பது மரியாதைக்குச் சொல்வது.

வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் சென்ட்ரலைப் பார்க்கிற அடையாறுக்காரர்கூட, அதில் யாராவது கைவைத்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார். 2005-இல் அது நடந்தது. கட்டடத்துக்கு வெளிர் பழுப்பு வண்ணம் பூசினார்கள். சென்னைக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஊரே சிரிக்கிற மாதிரி ஒரு பெரிய கட்சிப் போராட்டம் எல்லாம் இல்லை. பழைய சிவப்பு எங்கே என்று கேட்டார்கள், விடாமல் கேட்டார்கள். ரயில்வே இறங்கிவந்து மறுபடி செங்கல் சிவப்பை அடித்தது. சுவருக்கு என்ன நிறம் என்பதற்காக ஓர் ஊர் அரசு நிறுவனத்திடம் வழக்காடி ஜெயித்தது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. நியூயார்க்கில் பென்சில்வேனியா ஸ்டேஷன் என்று தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக ஒரு பிரம்மாண்டம் இருந்தது. 1963-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். தடுக்கச் சிலர் பதாகையோடு நின்றார்கள், முடியவில்லை. போன பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்கச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைக்கு மேல் ஓர் அடுக்குமாடி எழுப்பப் பார்த்தபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1978-இல் நிலையம் பிழைத்தது. இங்கே மும்பையின் சத்ரபதி சிவாஜி நிலையம் 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து பாதுகாப்புப் பெற்றுவிட்டது. எழும்பூருக்கு 2022 மே மாதம் மறுசீரமைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய முகப்பை விட்டுவைத்துச் சுற்றிலும் பெரிதாகக் கட்டுகிறார்கள். பயணிகளுக்கு லிஃப்ட்டும் எஸ்கலேட்டரும் நிச்சயம் வேண்டும். மூட்டு வலியோடு படியேறுகிற பாட்டியிடம் போய்ப் பாரம்பரியம் பேச முடியாது. ஆனால் பின்னால் எழும்புகிற கண்ணாடிச் சுவர், முன்னால் நிற்கிற கோபுரத்தைக் குள்ளமாக்காமல் இருக்க வேண்டும். அது பொறியாளரின் கையில் மட்டும் இருக்கிற விஷயமல்ல, கேட்கிற ஊரின் கையிலும் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் ஊர் சண்டையே போடவில்லை. தன் பாட்டுக்கு இருந்துவிட்டது.

1996-இல் மெட்ராஸ், சென்னை ஆனது. மெட்ராஸ் சென்ட்ரல், சென்னை சென்ட்ரல் ஆனது. 2019 ஏப்ரலில் அது 'புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. ராமச்சந்திரன் சென்ட்ரல் ரயில் நிலையம்' ஆனது. நாட்டின் மிக நீளமான நிலையப் பெயர்களில் ஒன்று. பெயர்ப்பலகையில் இடம் போதவில்லை என்பது தவிர யாருக்கும் ஆட்சேபம் இல்லை. எம்.ஜி.ஆரை ரசித்துக் கொண்டாடுகிறவரும் ஆட்டோவில் ஏறியதும் 'சென்ட்ரல் போப்பா' என்றுதான் சொல்கிறார். முன்னால் இருக்கும் பூந்தமல்லி ஹை ரோடு பெரியார் பெயருக்கு மாறி எத்தனையோ வருடம் ஆயிற்று. பக்கத்து வால்டாக்ஸ் ரோடு வ.உ.சி. சாலை. பழைய பெயரை ஊர் விடவில்லை. நகரைச் சுற்றி மதில் கட்டிய செலவுக்கு வசூலிக்க நினைத்து, கடைசியில் வசூலிக்காமலேயே விட்ட வரியின் பெயரை இருநூறு வருடத்துக்கு மேலாகத் தூக்கிச் சுமக்கிற ஊர் இது.

ரயில்வேயும் ஓர் இடத்தில் பழசை விடவில்லை. டிக்கெட்டில் வருகிற நிலையக் குறியீட்டைக் கவனித்துப் பாருங்கள். எம்.ஏ.எஸ். மெட்ராஸ் காலத்து எழுத்துகள். எழும்பூருக்கு எம்.எஸ். இரண்டு பெயர் மாற்றங்களையும் தாண்டி அந்த மூன்று எழுத்து மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இன்றைக்குச் சென்ட்ரலில் நீண்டதூர வண்டிகளுக்கும் புறநகர் வண்டிகளுக்குமாக 17 நடைமேடைகள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் '2ஏ' என்று ஒரு குட்டி நடைமேடை வேறு. முதன்முறை வருகிறவர்களை ஒரு நிமிடம் கலங்கடிக்காமல் அது விடாது. பூமிக்குக் கீழே மெட்ரோவின் இரண்டு பாதைகளும் சந்திக்கின்றன. விமான நிலையத்திலிருந்து வியர்க்காமல் வந்து சேரலாம். தென்மாவட்ட வண்டிகள் பல தாம்பரத்திலேயே நின்று கிளம்புகின்றன. நகரத்துக்குள் நுழைய இப்போது வாசல்கள் நிறைய. மதுரைப் பையன் ராத்திரி ஆம்னி பஸ்ஸில் தூங்கிக் காலையில் பெருங்களத்தூரில் கண்விழிக்கிறான். அவன் சென்ட்ரலைப் பார்க்காமலேயே சென்னையில் பத்து வருடம் வேலை பார்க்கலாம்.

அப்படியானால் மஞ்சள் பையோடு இப்போது சென்ட்ரலில் இறங்குவது யார்?

காலையில் வடகிழக்கு, ஒடிசா, வங்கம், ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வண்டி வந்து நிற்கும்போது போய்ப் பார்த்தால் தெரியும். முன்பதிவில்லாப் பெட்டியிலிருந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். பதினெட்டு, இருபது வயது. மஞ்சள் பைக்குப் பதில் முதுகுப்பை. இரண்டு பகல், இரண்டு இரவு கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்து வந்த முகம். மெட்ரோவுக்குப் பள்ளம் தோண்ட, ஹோட்டலில் மாவாட்ட, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் மாட்ட வருகிறவர்கள். அடையாறில் புதிதாக எழும்புகிற அடுக்குமாடிகளுக்குக் கம்பி கட்டுவதும் இந்தக் கைகள்தான்.

2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது சென்ட்ரல் ஆளில்லாமல் கிடந்தது. மே மாதம் மறுபடி உயிர் வந்தபோது, அது வருகிறவர்களுக்காக இல்லை. ஊருக்குத் திரும்புகிறவர்களுக்காக விட்ட ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள். வரிசையாக இடைவெளி விட்டு நிற்க வைத்து, காய்ச்சல் பார்த்து, சோற்றுப் பொட்டலம் கொடுத்து ஏற்றி அனுப்பினார்கள். 'வந்தாரை வாழவைக்கும்' என்ற அடைமொழியைச் சுமக்கிற ஊருக்கு அது நல்ல காட்சி இல்லை. சில மாதங்களில் அதே பிள்ளைகள் அதே நடைமேடையில் திரும்பி வந்து இறங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2023 ஜூன் 2. கல்கத்தா பக்கத்து ஷாலிமாரிலிருந்து சென்ட்ரலை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலசோர் அருகே பாஹாநாகா பஜாரில் விபத்துக்குள்ளானது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் மாலை சென்ட்ரலில் நின்றிருக்க வேண்டிய வண்டி. பிழைத்தவர்களில் ஒரு பகுதியினரைச் சிறப்பு ரயில் ஏற்றிக்கொண்டு ஜூன் 4 காலை வந்து சேர்ந்தது. நடைமேடையில் மருத்துவர்கள், ஸ்ட்ரெச்சர்கள், ஆம்புலன்ஸ்கள். இறங்கியவர்களின் மொழி அந்தக் காலையில் யாருக்கும் பிரச்னையாக இல்லை. எதிரே ஜி.எச். இருந்தது.

அதே வருடம் பிப்ரவரி 26 முதல் இன்னொரு காரியம் நடந்தது. விமான நிலையம் போல அமைதியாக இருக்கட்டும் என்று, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்ற அந்தக் குரலைச் சோதனை முறையில் நிறுத்தினார்கள். தகவலெல்லாம் பெரிய திரைகளில் ஓடும் என்றார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமுள்ளவர்களுக்கு, பார்வை நன்றாக இருப்பவர்களுக்கு, திரையில் வருகிற மொழிகளில் ஒன்றாவது தெரிந்தவர்களுக்கு அது போதும். சென்ட்ரலுக்கு வருகிற கூட்டம் அவ்வளவு பேரும் அப்படிப்பட்டவர்களா? கண் தெரியாதவருக்கும், பேரன் துணையில்லாமல் வந்த தாத்தாவுக்கும், முதன்முறை ரயிலேறும் பெண்ணுக்கும் அந்தக் குரல்தான் கையைப் பிடித்து அழைத்துப்போகிற ஆள். விமானத்தில் போகிறவர்களுக்கு மிச்சமிருக்கும் வசதிகளும் ரயிலில் போகிறவர்களுக்கு இருக்கும் வசதிகளும் ஒன்றல்ல.

இன்னொரு விஷயமும் கண்ணில் படும். வண்டிக்குக் காத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். துண்டை விரித்துத் தலைக்குப் பையை வைத்துத் தூங்குகிறார்கள். வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிவருகிற பிள்ளைகளும் இந்தக் கூட்டத்துக்குள்தான் வந்து கலக்கிறார்கள். சினிமாவில் அந்தப் பையன் கடைசி ரீலில் பங்களா வாங்குவான். நிஜத்தில் அவனை முதலில் பார்ப்பது நல்ல ஆளா, வேறு ஆளா என்பதில் இருக்கிறது அவன் கதை. அதனால்தான் ரயில்வே பாதுகாப்புப் படையினரும் 1098 குழந்தைகள் உதவி எண்ணின் ஆட்களும் கூட்டத்தில் தனியாக நிற்கிற சிறுமுகங்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஊரின் சின்னம் என்று அஞ்சல் அட்டையில் அச்சடிக்கிற கட்டடத்துக்குள் நடக்கிற முக்கியமான வேலை அதுதான்.

ஹவுராவிலிருந்து வந்த வண்டி காலியாகிறது. வாசலுக்கு வந்த மூன்று பையன்கள் மணிக்கூண்டு தெரிகிற மாதிரி நின்று ஒரு செல்ஃபி எடுக்கிறார்கள். ஒருவன் ஊருக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்துவிட்டேன் அம்மா என்று அவன் மொழியில் சொல்கிறான். இன்னொருவன் செல்போனில் எழுதிவைத்த முகவரியை ஆட்டோக்காரரிடம் நீட்டுகிறான். அவர் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார்.

"ஒரகடமா? ஆட்டோ வேணாம், தூரம். பைசா ஜாஸ்தி. ரோட்ட தாண்டு, பார்க் ஸ்டேஷன். செங்கல்பட்டு லோக்கல் புடி. சிங்கப்பெருமாள் கோயில்ல உத்தர்னா. அங்கேர்ந்து பஸ். சமஜ் கயா?"

பையன் தலையாட்டுகிறான்.